பசராப்பட்டிப் பெரட்டு

கோலா கெத்திலிலிருந்து ஆற்றை ஒட்டி மேலே நடந்தால், கித்தா என்கிற ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் பசராப்பட்டி இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அப்படி ஓர் ஊரே கிடையாது. வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் காரேறிப் போன பிறகு தோட்டத்தில் பால் எடுக்கச் சொல்லவும் ஆள் இல்லை, எடுத்த பாலை வாங்கவும் ஆள் இல்லை. ஸ்டோரில் மிச்சமிருந்த அரிசி தீர்ந்ததும் லயத்து வீட்டு ஜனங்கள் கிழங்குத் தோலை அவித்துத் தின்றார்கள். குழந்தைகளுக்குக் கால் வீங்கியது. அப்போது, "இங்க கெடந்து சாகறதுக்கு அங்க காட்டுல போயி வெட்டித் திங்கலாம், வாங்கடா" என்று பாராங்கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் அய்யாவு. பதினைந்து குடும்பம் போலப் பின்னால் நடந்தது.

அய்யாவு இளவயதில் பட்டாளத்தில் இருந்தவர். முதல் பெரிய சண்டையின்போது பஸ்ரா என்கிற ஊரில் ஆற்றின் குறுக்கே படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பாலம் போட்டவர்களில் ஒருவர். சண்டை முடிந்து ஊருக்குப் போய், அங்கே பிழைப்பில்லாமல் மலாயாவில் இந்தக் கெடாவுக்குக் கப்பலேறி, தோட்டத்தில் வாட்ச்மேனாகி மண்டோரானார். காட்டை அழித்து ஊர் போட்டதும் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். ஜனங்களின் வாயில் அது பசரா ஆயிற்று. பக்கத்துக் கம்போங் கிராமத்தில் இருந்த மலாய்க்காரர்கள், பாசார் என்றால் சந்தையாயிற்றே, கடை ஒன்றையும் காணோமே என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

என் அப்பா முத்துக்குமாரு அதே தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர். ஜப்பான்காரர்கள் அவரை பீடோங்கில் மருந்து கொடுக்கிற வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். சிப்பாய்கள் நடமாடுகிற டவுனில் வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கப் பயந்து, அய்யாவு வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டில் நான் ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். அதனால் நான் எழுதுவது எந்தப் பக்கமாவது சாய்ந்திருக்கலாம். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஊர் வரிசையாகத்தான் இருந்தது. அய்யாவு கயிறு பிடித்து ஒரே நேரான தெரு போட்டிருந்தார். இரண்டு பக்கமும் அத்தாப்பு ஓலைக் குடிசைகள், ஒரு பக்கத்து வாசலுக்கு நேராக மறு பக்கத்து வாசல். வீடுகளுக்குப் பின்னால் காட்டுப்பன்றிக்காக ஆள் உயரத்துக்கு முள்வேலி. தெருவின் இந்த முனையில் ஒரு படல், அந்த முனையில் ஒரு படல். நடுவில் கொட்டகை. கொட்டகையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. விடியுமுன் அய்யாவு அதை இரும்புக் கம்பியால் தட்டுவார். தட்டியதும் எல்லாரும் தெருவில் வந்து நிற்க வேண்டும். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதைப் பெரட்டு என்பார்கள். அதையே இங்கும் வைத்தார்.

"தோட்டத்த விட்டு நாம வந்தோம், பெரட்டு நமக்கு முன்னாடியே நடந்து வந்து நிக்குது, பாருங்கலா" என்று இருளப்பன் வரிசையில் நின்றபடியே சொல்வான். தெரு சிரிக்கும். அய்யாவு சிரிக்க மாட்டார்.

"வரிசை கலைஞ்ச அன்னைக்கித்தான்டா பசராவுல எங்காளுங்க செத்தாங்க. வாய மூடிக்கிட்டு நில்லு."

"நிக்கிறேண்ணே. ஆனா இந்த வெறும் வயித்துக்கு அட்டென்சன் தெரிய மாட்டேங்குது."

கேலி பேசினாலும் யாரும் பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை. பேர் கூப்பிட்டால் ஓர் அடி முன்னால் வைத்து வேலையைக் கேட்டுக்கொள்வார்கள். ஒருவன் கிழங்குப் பாத்தி, ஒருவன் வேலி, ஒருவன் ஆற்றில் வலை. அப்படிப் பிரித்துச் செய்ததால்தான் பசராப்பட்டியில் பசியால் யாரும் சாகவில்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கொஞ்சம் கேழ்வரகும் விளைந்தன. சாயங்காலம் கொட்டகையில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். எனக்கு எழுத்துத் தெரியும் என்பதால் தினம் அரைப் பக்கம் நடந்ததை எழுதி வரச் சொன்னார். வகுப்பு முடிகிற நேரம் அய்யாவு வந்து பஸ்ரா பாலத்தைப் பற்றிச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஆறு கொஞ்சம் அகலமாகும்.

நாற்பத்து மூன்றாம் வருடம் மழை தொடங்கியிருந்த சமயம் நடராஜா வந்தார். டவுனில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இப்போது ஜப்பான்காரர்களின் ஆபீசில் இருந்தார். கையில் துணிப்பட்டை கட்டியிருந்தார். சைக்கிளைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டுத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"மண்டோர் ஐயா, டவுன்ல ஒங்க ஊரப் பத்தித்தான் பேச்சு. சோத்துக்குக் கையேந்தாத ஊரு ஒண்ணு இருக்குதாமேன்னு ஜப்பான் தொரையே கேட்டுட்டாரு."

"என்னத்தப் பேச்சு. கெழங்கத் திங்கறோம், கெடக்குறோம்" என்றார் அய்யாவு. கை மீசைக்குப் போயிற்று.

"நாளைக்கிக் காலையில தொரை வந்து பாக்கணுங்கறாரு. துணியும் உப்பும் குடுக்கப் போறாங்க. பெரட்டு வைப்பீங்களாமே, அதையும் பாக்கணுமாம். ஆம்பளைங்கள மட்டும் நிறுத்துங்க, போதும்."

"ஆம்பளைங்கள மட்டுமா?"

"வீட்டுக்கு ஒராளு வாங்கிக்கிட்டா சரிதானே."

பக்கத்தில் பாராங்கத்தி தீட்டிக்கொண்டிருந்த இருளப்பன் தலையைத் தூக்கினான். "சயாமுல ரயிலு ரோட்டுக்கு ஆளு புடிக்கிறாங்கன்னு சொல்லிக்கிறாங்களே?"

"அது பாடாங் செராய் பக்கம்பா. சும்மா சுத்தறவனப் புடிக்கிறாங்க. நீங்கதான் வேல செய்யிறீங்களே." நடராஜா சைக்கிளை எடுத்தார். அய்யாவு பக்கம் குனிந்து, "அவரும் பட்டாளத்துக்காரரு. ஒரு பட்டாளத்துக்காரரப் பாத்தா மதிப்பாரு" என்றார்.

அன்று சாயங்காலம் நேரத்திலேயே சாப்பிட உட்கார்ந்தோம். மசித்த மரவள்ளியும் மரவள்ளி இலைத் துவட்டலும் இருந்தன. அய்யாவுவின் மனைவி செல்லாயி பரிமாறினார். மருமகள் குணவதி அடுப்படியில் இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். மகன் அழகேசன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"உப்பு குடுக்கறவன் ஏன் நாளைக்கி வர்றான்? அந்தக் கிராணிகிட்டயே குடுத்து விட்டுருக்கலாமே" என்றார் செல்லாயி.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அய்யாவு கிழங்கை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மகனைப் பார்க்காமல் சொன்னார்.

"அழகேசா, நாளைக்கி நீ பெரட்டுக்கு வர வேணாம். இருட்டோட கெளம்பி ஆத்துக்கு அந்தாண்ட போயி வலையப் பாத்துட்டு வா. மத்தியானத்துக்கு முன்னாடி வராத."

"நேத்துத்தானப்பா பாத்தேன்."

"சொன்னதச் செய்."

அடுப்படியில் அகப்பையின் சத்தம் நின்றது. செல்லாயி ஏதோ சொல்ல வாயெடுத்து, மருமகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு, என் தட்டில் இன்னொரு உருண்டையை வைத்தார். "சாப்பிடு பாப்பா" என்றார். "ஓம் மாமி, காணும்" என்று தட்டைக் கையால் மறைத்தேன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தண்டவாளம் ஒலித்தது. ஆண்கள் வந்து நின்றார்கள். உப்பு வாங்கச் சிலர் பையோடு வந்தார்கள். நல்ல வேட்டி வைத்திருந்தவர்கள் அதைக் கட்டியிருந்தார்கள். வாத்தியார் தலை வாரியிருந்தார். இரண்டு லோரிகள் கீழ் முனைப் படலுக்கு வெளியே நின்றன. அதிகாரி இறங்கி வந்தார். குள்ளமானவர், முகம் சாந்தமாக இருந்தது. அய்யாவு விறைத்து நின்று சலாம் வைத்தார். அதிகாரி தொப்பியில் கை வைத்துத் திருப்பி மரியாதை செய்தார். அய்யாவுவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை.

அதிகாரி வரிசை நெடுக நடந்தார். சிலருடைய தோளைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் சிப்பாய்கள் இரண்டு படல்களிலும் நின்றுவிட்டார்கள். பின்னால் ஓட வழியில்லை, முள்வேலி.

"சாமான் கோலா கெத்தில்ல இருக்கு. ஏத்திக்கிட்டு வரணும், லோரியில ஏறுங்க" என்று நடராஜா கத்தினார். யாரும் அசையவில்லை. அதிகாரி அவரிடம் ஏதோ சொன்னார். நடராஜா அய்யாவு பக்கம் திரும்பினார்.

"நீங்க பேரக் கூப்பிடுங்க மண்டோர்."

அய்யாவு கூப்பிட்டார். தினமும் கூப்பிடுகிற அதே வரிசை. பேர் வந்ததும் ஒவ்வொருவனுக்கும் கால் தானாக ஓர் அடி முன்னால் போயிற்று. போனவனைச் சிப்பாய் லோரிப் பக்கம் நகர்த்தினான். தள்ளுமுள்ளு இல்லை. யாரும் அடிபடவில்லை. அதிகாரிக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

அழகேசன் பேர் வருகிற இடத்தில் அய்யாவு அடுத்த பேருக்குப் போனார்.

லோரியின் மேல் நின்ற இருளப்பன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "அண்ணே, அழகேசன விட்டுட்டீங்களே! தூங்குறானா? பெரட்டுக்கு வராதவனுக்கு உப்பு கெடையாது, ஆமா!"

லோரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவனே, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சாயங்காலம் வந்துருவோம்லண்ணே?" என்றான்.

"போய்ட்டு வாங்கடா" என்றார் அய்யாவு.

லோரிகள் போனபின் தெருவில் ஓர் உப்பு மூட்டை கிடந்தது. அதை மட்டும் இறக்கியிருந்தார்கள். யாரும் தொடவில்லை. மத்தியானம் மழை பெய்தது. உப்பு கரைந்து வாய்க்காலோடு போயிற்று. சாக்கு மட்டும் தெருவில் ஒட்டிக்கிடந்தது.

மழை விட்டதும் அழகேசன் வந்தான். கையில் இரண்டு விரால் மீன்கள் நாரில் கோத்துத் தொங்கின. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் நின்றார்கள். ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்து அவன் நடை மெதுவாயிற்று. இருளப்பனின் மனைவி பிச்சையம்மாள் தெருவில் இறங்கினாள்.

"எங்க தம்பி போயிருந்தே?"

"வலை பாக்க, சித்தி."

"நீயாத்தான் போனியா?"

அழகேசனுக்குப் பொய் வராது. "அப்பாதான் போகச் சொன்னாரு" என்றான்.

பிச்சையம்மாள் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அய்யாவுவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. என் நாட்குறிப்பில் அன்றைக்கு, 'வகுப்பு இல்லை' என்று மட்டும் இருக்கிறது.

உள்ளே வந்து அழகேசன் மீனைத் தரையில் போட்டான்.

"எனக்கு வெவரம் சொல்லிருக்கலாம்லப்பா. நான் வந்து நின்னுருப்பேன்."

"அதான் சொல்லல" என்றார் அய்யாவு.

அந்த மீனை யாரும் கழுவவில்லை. மறுநாள் செல்லாயி அதைக் கொல்லையில் புதைத்தார்.

அதன் பிறகு யாரும் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆற்றில் துவைக்கப் போனால் பெண்கள் எழுந்து எங்களுக்கு நல்ல கல்லை விட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போவார்கள். குணவதி பேச்சுக் கொடுத்தால், "ஆமாம்மா", "இல்லம்மா" என்பார்கள். அவளோடு மல்லுக்கு நிற்கிற பெண்கள்கூட அம்மா போட்டுப் பேசினார்கள். அவள் வெறும் குடத்தோடு திரும்பி வந்து, தண்ணீர் எடுக்க மறந்ததைச் சொல்லாமல் மறுபடியும் போவாள்.

தண்டவாளம் ஒலிக்கவில்லை. வேலி கட்ட ஆளில்லை. மழையில் மூங்கில் சாய்ந்த இடத்தில் பன்றிகள் புகுந்தன. ஒரே வாரத்தில் மேல் வரிசைக் கிழங்கு பாதி போயிற்று. பிள்ளைக்காரிகள் தகரத்தைத் தட்டிக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அழகேசன் கேட்காமலே போய் ஓரிடத்தில் வேலியை நிமிர்த்தினான். அந்த வீட்டுப் பெண், அவன் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை.

அய்யாவு ஒருநாள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கோலா கெத்திலுக்குப் போனார். வந்தபோது தலைப்பாகை இல்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது.

"கேட்டீங்களா?" என்றார் செல்லாயி.

"கேட்டேன். என்னைய எடுத்துக்க, அவங்கள விட்டுருன்னேன். கெழவன வச்சு என்ன பண்றதுன்னு கேட்டுச் சிரிச்சானுங்க. ரயில்ல ஏத்தியாச்சாம்." வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இன்னும் ஆளு வேணுமாம். தானா வந்தாக்கூட எடுப்பாங்களாம்" என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. மூலையில் உட்கார்ந்திருந்த அழகேசன் எழுந்தான்.

"அப்ப நான் போறேன்."

"வாய மூடு."

"நான் போறேன். இந்தத் தெருவுல என்னால நடக்க முடியல. ஒவ்வொரு வாசலா தல குனிஞ்சு போறேன். நாளைக்கே கெளம்புறேன்."

"போடா, போ!" செல்லாயி கத்தினார். "ஒருத்தன் ஊரு போட்டான், ஒருத்தன் சயாமுக்குப் போவான். எனக்கும் இந்த வாயும் வயிறுமா நிக்கிறவளுக்கும் குழிய வெட்டி வச்சுட்டுப் போ!"

குணவதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவைக் கடந்து நேராகப் பிச்சையம்மாள் வீட்டுக்குப் போனாள். பிச்சையம்மாள் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"சொல்லும்மா."

"அம்மா போடாதீங்க அத்தை. அடிங்க. அவரு சயாமுக்குப் போறேங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. போக வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

பிச்சையம்மாளின் கை நின்றது. "எங்கிட்டயா வந்து கேக்குறே?"

"வேற யாருகிட்டப் போவேன்?"

"எம்புருசன் லோரியில நின்னு சிரிச்சானே, அப்ப நீ எங்கடி இருந்தே?"

"அடுப்படியில."

"ஒனக்குத் தெரியுமா?"

குணவதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நிச்சயமாத் தெரியாது அத்தை. ஆனா மாமா வலை பாக்கப் போன்னு சொன்னப்பவே கையில இருந்த அகப்பை நின்னுருச்சு. தெரிஞ்சுதுன்னுதான் வச்சுக்கங்க. வந்து சொல்லிருக்கலாம், பத்தடி தூரந்தான். எம்புள்ளைக்கு அப்பன் வேணும்னு பேசாம இருந்துட்டேன்."

பிச்சையம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சீவிய கிழங்கு மடியிலிருந்து கொட்டியது. எங்களை விலக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். அவள் நடையைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வெளியே வந்தார்கள்.

அழகேசன் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அய்யாவு சுவரோடு ஒட்டி நின்றார்.

"சயாமுக்குப் போறியாம்ல?" என்றாள் பிச்சையம்மாள்.

"ஆமா சித்தி."

"போனா சரியாப் போயிருமா?"

"அவங்களோட நானும்..."

"அவங்களோட நீ நிக்க வேண்டிய நாளு போயிருச்சுடா. இப்பப் போனா எம்புருசன் வந்துருவானா? ஒனக்கு நிம்மதி வரும். தெருவுல தல நிமிந்து நடந்து லோரியில ஏறிருவே. எங்க பாத்தியில மேயுற பன்னிய யாரு வெரட்டுவா? வேலிய யாரு கட்டுவா? இந்த ஊருல கையில தெம்பு இருக்கிற ஒரே ஆம்பள நீதான். அதுவும் எப்பிடி மிஞ்சுனேன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவன் அழுதுவிட்டான். "என்னால இங்க இருக்க முடியல சித்தி."

"இரு. வெக்கப்பட்டுக்கிட்டே இரு. காலையில எங்க வீட்டு வேலி. அப்பறம் வாத்தியார் வீடு. அப்பறம் மத்தவங்க வீடு. எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும், இல்ல வரமாட்டாங்கன்னு தெரியிற வரைக்கும்." அய்யாவு பக்கம் திரும்பாமலே, "ஒங்கப்பாவயும் கூட்டிக்கிட்டு வா. குழி தோண்டத் தெரியும்ல, பட்டாளத்துக்காரருக்கு" என்றாள்.

மறுநாள் யாரும் எதையும் தட்டவில்லை. வெளிச்சம் வந்ததும் அப்பாவும் மகனும் பிச்சையம்மாளின் கொல்லைக்குப் போனார்கள். நானும் குணவதியும் மூங்கில் முள்ளைக் கட்டு கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அய்யாவு மண்டோரானதிலிருந்து சங்கூல் மண்வெட்டி பிடித்ததில்லை. மழையில் ஊறிய செம்மண் இரும்பில் அப்பிக்கொண்டது. நாலு குழிக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அளவு சரியா என்று கேட்க அவர் இரண்டு தடவை நிமிர்ந்தார். கேட்க யாரும் இல்லை. பிச்சையம்மாள் அடுத்த பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருவர் கொல்லையில் வேலை செய்தால் பசியாற அந்த வீட்டுச் சாப்பாடு என்பது தோட்டத்திலிருந்தே வந்த வழக்கம். பொழுது உச்சிக்கு வந்தது. பிச்சையம்மாள் அவித்த கிழங்கைத் தட்டில் கொண்டு வந்தாள். எனக்கும் குணவதிக்கும் கையில் கொடுத்தாள். அழகேசனிடம் நீட்டினாள், அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அய்யாவுவின் பங்கை அவர் நின்ற குழிக்குப் பக்கத்தில் ஓர் இலையில், தரையில் வைத்தாள்.

அய்யாவு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கால் சகதியில் இருந்தது. எறும்பு ஊரத் தொடங்கியும் குனியவில்லை.

"மாமா" என்றாள் பிச்சையம்மாள், முதுகைக் காட்டியபடியே. லோரி போன பிறகு அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சாப்புடுங்க. பொழுது சாயறதுக்குள்ள இந்த வரிசைய முடிக்கணும்."

அவர் குழி மேட்டில் உட்கார்ந்தார். எறும்பைத் தட்டிவிட்டு ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். மெல்லவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு வேலியில்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாயில் இருந்ததை விழுங்காமலே எழுந்து, சங்கூலை எடுத்து அடுத்த குழியை வெட்ட ஆரம்பித்தார்.